புத்தகம் தொலைந்தால் அன்றைக்கே கவுன்ட்டருக்கு வாருங்கள்

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் பணி ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தவள் நான். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று சுற்றுப்பட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் மூலமாவது விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "லைப்ரரி மேடம் வீடு இதானேக்கா?" என்று கீழே இட்லிக்கடையில் கேட்கும் குரல் மாடிவரை கேட்கும். படிப்பது வேறு வேறு கல்லூரிகள், வேறு வேறு பல்கலைக்கழகங்கள். கேள்வி மட்டும் ஒன்றுதான். "புக்கு தொலைஞ்சிடுச்சு மேடம். எவ்ளோ கட்டணும்? டி.சி. தருவாங்களா?"

இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்கள். அப்பா ஆட்டோ ஓட்டுவார், துறைமுகத்தில் சுமை தூக்குவார்; அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பார். நூலக விதி என்று ஒன்று அச்சடித்து நோட்டீஸ் போர்டில் இருக்கும் என்பதோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம் என்பதோ வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் அறுபது ரூபாய் அபராதத்துக்குப் பயந்து இரண்டு வருடம் நூலகத்துக்குள் காலே வைக்காமல் இருந்துவிடுகிறார்கள். அபராதம் கட்டிக் கெட்டுப்போன மாணவரை நான் பார்த்ததில்லை. அபராதத்துக்குப் பயந்து படிப்பில் பின்தங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதை எழுதுவதற்குக் காரணம் அவர்கள்தான்.

முதலில் அபராதம் எப்படி ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு புத்தகத்துக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்பதுதான் அடிப்படை. தொகை இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் முதல் வாரம் ஒரு தொகை, அதற்குப் பிறகு அதிகம் என்று படிப்படியாக ஏறும். கணக்கு புத்தகவாரியாக ஓடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு புத்தகம் எடுத்து, செமஸ்டர் விடுமுறையில் நாற்பத்தைந்து நாள் மறந்திருந்தால், நாளுக்கு ஒரு ரூபாய் என்றாலும் நூற்றெண்பது ரூபாய் ஆகிவிடும். ஓவர்நைட் என்று மாலையில் கொடுத்து மறுநாள் காலையில் திரும்பக் கேட்கும் புத்தகங்களுக்குக் கணக்கே வேறு. அங்கே நாள் கிடையாது, மணிக்கணக்கு. தொகையும் பெரிது. பரீட்சை நேரத்தில் அந்த ஒரு பிரதிக்காகப் பத்துப் பேர் காத்திருப்பார்கள் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

விடுமுறை நாட்கள் கணக்கில் வருமா வராதா என்பதை நூலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறார்கள். இப்போது கோஹா, சோல் மாதிரி மென்பொருள்கள் வந்துவிட்டதால் கணக்கைக் கணினியே போடுகிறது. கல்லூரி மூடிய நாட்களை விடுமுறை என்று அதில் முன்கூட்டியே பதிந்திருந்தால்தான் அந்த நாட்களை அது விட்டுவிடும். மழைக்காகக் கலெக்டர் திடீரென்று விடுமுறை அறிவித்திருப்பார். கணினியில் அதை யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். அபராதம் ஓடிக்கொண்டிருக்கும். "அன்னைக்கு லீவு மேடம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். திருத்த வழி இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் இருப்பவரால் தன் இஷ்டத்துக்குத் தொகையை அழிக்க முடியாது. அந்த அதிகாரம் நூலகருக்கு உண்டு. பெரிய தொகை என்றால் நூலகக் குழுவுக்குப் போகும். கவுன்ட்டரில் நின்று சண்டை போட்டுப் பயனில்லை. அங்கே இருப்பவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி "லெட்டர் எழுதிக் குடு தம்பி" என்று சொன்னால், விரட்டுகிறார் என்று நினைக்காதீர்கள். வேலை நடக்கும் வழியைத்தான் காட்டுகிறார்.

எடுத்த புத்தகத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளத் தேதியை நீட்டிக்கும் ரினியூவல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டியூ டேட்டுக்கு, அதாவது திருப்பித் தர வேண்டிய தேதிக்கு, முன்னால் செய்தால் காசு கிடையாது. வேறு யாரும் அந்தப் புத்தகத்தை முன்பதிவு செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பல இடங்களில் செல்போனிலேயே செய்துவிடலாம். புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினால்தான் ரினியூவல் என்று வைத்திருக்கும் நூலகங்களும் உண்டு. எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தொலைந்த புத்தகம். இங்கேதான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

புத்தகம் காணவில்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் செய்வது ஒன்றே ஒன்று: கவுன்ட்டர் பக்கம் வராமல் இருப்பது. கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று மாதங்கள் ஓடும். கணினிக்குப் புத்தகம் தொலைந்தது தெரியாது. திரும்பி வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். அதனால் தினமும் ஒரு நாள் அபராதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். கடைசி வருடம் நோ டியூ, அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, வாங்க வரும்போது, இருநூற்றைம்பது ரூபாய்ப் புத்தகத்துக்கு எழுநூறு ரூபாய் அபராதமும் அதற்கு மேல் புத்தக விலையும் நிற்கும். "தொலைந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்த தேதியோடு பெரும்பாலான நூலகங்களில் தாமதக் கணக்கு நின்றுவிடும். அதற்குப் பிறகு புத்தகத்துக்கு ஈடு மட்டும்தான் பாக்கி. ஆகவே தேடுவதை நிறுத்த வேண்டாம். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேடுங்கள். தேட அவகாசமும் அந்தக் கடிதத்திலேயே கேட்கலாம். இரண்டு வாரம் பொதுவாகத் தருவார்கள். கடிதத்தின் நகலில் தேதியும் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பை திருட்டுப்போயிருந்தால் நிலைமை வேறு. வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயிலிலோ, பாரிமுனையில் கூட்ட நெரிசலான பஸ்ஸிலோ பையோடு போய்விட்டது என்றால் போலீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதனால் புத்தக ஈடு தள்ளுபடி ஆகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூலகர் உங்கள் பக்கம் நின்று குறிப்பு எழுத அவருக்கு ஒரு காகிதம் வேண்டும். அது அந்தக் காகிதம்.

காசு கட்டுவதற்கு முன்னால் இன்னொன்று கேளுங்கள்: ஷெல்ஃபில் பார்த்தார்களா? இது உங்கள் உரிமை. திரும்பக் கொடுத்த புத்தகத்தைக் கணினியில் ஏற்றாமலே அடுக்குக்கு அனுப்பிவிடுவது எல்லா நூலகங்களிலும் நடக்கும். நெரிசலான நாளில் பார்கோடு படாமல் போயிருக்கும். அல்லது புத்தகம் வேறு எண்ணில் செருகப்பட்டிருக்கும், அடுக்கின் பின்பக்கம் விழுந்து கிடக்கும், பைண்டிங்குக்குப் போயிருக்கும். "நான் திரும்பக் கொடுத்துவிட்டதாக நினைக்கிறேன், தயவுசெய்து ஷெல்ஃபில் சரிபார்க்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் கவுன்ட்டரில் இப்படிக் கண்டுபிடித்த புத்தகங்கள் ஏராளம். ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, ஒரு மாணவர் காசு கட்டிவிட்டுப் போன புத்தகமே அடுக்கில் உட்கார்ந்திருந்ததும் உண்டு. அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

இதிலேயே நுட்பமான ஒரு வகை இருக்கிறது. திருவொற்றியூர், காலடிப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு பெண்கள். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பஸ். புள்ளியியல் பாடத்துக்கு ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்தார்கள். சேர்ந்து படித்ததில் புத்தகம் மாறிவிட்டது. ஒருத்தி கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தாள். கணினி அது மற்றவளின் பிரதி என்று பார்த்து, மற்றவள் கணக்கில் வரவு வைத்துவிட்டது. கொடுத்தவள் கணக்கில் புத்தகம் அப்படியே நின்றது. "நான் குடுத்துட்டேன் மேடம், சத்தியமா குடுத்துட்டேன்" என்று அந்தப் பெண் அழுதாள். அவள் சொன்னது உண்மை. கணினி சொன்னதும் உண்மை. பிரதிக்குப் பிரதி மாறும் அக்செஷன் நம்பரை வைத்துப் பார்த்ததும் ஐந்து நிமிடத்தில் தெளிந்தது. தோழி தன் கணக்கில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தாள். அவள் வீட்டுப் பரணில் இருந்த புத்தகம் மறுநாள் வந்தது.

அக்செஷன் நம்பர் என்பது ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாக இடப்படும் வரிசை எண். ஒரே புத்தகத்துக்குப் பத்துப் பிரதி இருந்தால் பத்து எண். முதுகில் ஒட்டியிருக்கும் எண் வேறு. அது எந்தப் பாடம், எந்த அடுக்கு என்பதைச் சொல்வது, எல்லாப் பிரதிக்கும் பொது. புத்தகம் எடுத்ததும் உள்ளட்டையில் சீல் போட்டிருக்கும் அக்செஷன் நம்பரையும் டியூ டேட்டையும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிப் பிரச்சினையை வரவே விடாது. திரும்பக் கொடுக்கும்போதும் உங்கள் கணக்கிலிருந்து நீங்கியதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் வசதி இருக்கும் இடங்களில் மாலையில் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். நண்பனிடம் கொடுத்து அனுப்புவதைக் கூடிய மட்டும் தவிருங்கள். உங்கள் கார்டில் இன்னொருவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பதைக் கட்டாயம் தவிருங்கள். கூடப் படிப்பவர் மேல் நம்பிக்கை இருப்பது நல்லதுதான். பதிவேடு உங்கள் பெயரைத்தான் கேட்கும்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டது என்று ஆனபின் வழிகள் இரண்டு. அதே புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது, அல்லது பணம் கட்டுவது. வாங்கிக் கொடுக்க முடியுமானால் அதையே செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பணமாகக் கட்டினால் பல இடங்களில் விலையின் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று வரும். சில இடங்களில் பதிவு, பைண்டிங், லேபிள் வேலைக்கென்று தனிக் கட்டணமும் சேரும். அதோடு, கட்டிய பணம் பல நிறுவனங்களில் பொதுக் கணக்குக்குப் போய்விடும். அது மறுபடி அதே புத்தகமாக அடுக்குக்கு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புத்தகமாக வந்தால் அடுத்த மாணவருக்கு அது இருக்கும்.

ஆனால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. எந்த எடிஷன்? தொலைந்தது நான்காம் பதிப்பு, கடையில் இருப்பது ஏழாம் பதிப்பு என்றால் புதியதை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். பழையதை வாங்க மாட்டார்கள். கெட்டி அட்டைதான் வேண்டுமா, பேப்பர்பேக் போதுமா? வெளிநாட்டுப் பதிப்புக்குப் பதில் இந்தியப் பதிப்பு ஏற்பார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் ஆயிரக்கணக்கான ரூபாய் அடங்கியிருக்கிறது. கொடுங்கையூரிலிருந்து ஆட்டோ ஓட்டும் ஒருவர் தன் மகனோடு என் வீட்டுக்கு வந்தார். தொலைந்தது பொறியியல் கையேடு ஒன்று. பல வருடங்களுக்கு முன் வாங்கியது, பதிவேட்டில் விலை நூறு ரூபாய்க்கும் கீழே. அதை நம்பி இருந்தவர்களுக்கு இன்றைய வெளிநாட்டு விலையை டாலர் கணக்கில் போட்டு ஒரு தாள் வந்துவிட்டது. அவருடைய மாத வருமானத்தில் பாதி. பையன் தலை நிமிரவே இல்லை. நூலகரைப் பார்த்து, அதே புத்தகத்தின் இந்தியப் பதிப்பு கிடைக்கிறது, அதை ஏற்றுக்கொள்வீர்களா என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். சில நூறு ரூபாயில் முடிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அந்த மனிதர் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார்.

பழைய புத்தகக் கடையில் வாங்கியதை ஏற்பார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மூர் மார்க்கெட்தான் முதலில் நினைவுக்கு வரும். 1985 தீயில் பழைய கட்டடம் போன பிறகு அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்த கடைகள் சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன. பாடப் புத்தகம் அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும். சில நூலகங்கள் நல்ல நிலையில் இருந்தால் வாங்கிக்கொள்கின்றன. சில இடங்களில் பில்லோடு புதுப் புத்தகம்தான் வேண்டும் என்பார்கள். முதலில் கேட்டுவிட்டு, வாங்கப்போகும் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் படமெடுத்து நூலகரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு காசு கொடுங்கள். ஜெராக்ஸ் எடுத்து பைண்டு செய்த பிரதியைப் பொதுவாக நூலகம் ஏற்காது. பிளாட்பாரத்தில் விற்கும் திருட்டு அச்சையும் ஏற்காது. மங்கலான படம், மெல்லிய தாள் இரண்டையும் வைத்தே கவுன்ட்டரில் கண்டுபிடித்துவிடுவோம். அச்சில் இல்லாத புத்தகம் என்றால் பதிப்பு விவரம் பார்க்க எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகலாம். 1954 சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி அங்கே சேர வேண்டும். எந்த ஆண்டு, எந்தப் பதிப்பகம், பிறகு மறுபதிப்பு வந்ததா என்று அங்கே தேடிப் பார்த்துவிட்டு எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். ஈடாக அதே பாடத்தில் வேறொரு புத்தகம் கொடுக்கலாமா என்று துறைத் தலைவர் மூலமாகக் கேட்பதும் வழக்கத்தில் உண்டு.

தொகுதிகளாக வரும் நூலில் ஒரு தொகுதி தொலைந்தால் எச்சரிக்கையாக இருங்கள். எல்லாத் தொகுதிகளுக்கும் சேர்த்து விலை கேட்பது விதியில் இருக்கலாம். தனித் தொகுதி விற்பனைக்கு இருக்கிறதா என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, அந்தப் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

புத்தகம் இருக்கிறது, ஆனால் கெட்டுப்போய்விட்டது என்பதும் தொலைந்ததற்குச் சமம்தான். எடுக்கும்போதே பக்கம் கிழிந்திருந்தால், கோடு போட்டிருந்தால், கவுன்ட்டரில் காட்டி உள்ளட்டையில் ஒரு குறிப்பு எழுதச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலை. திருப்பும்போது அந்தக் கிழிசல் உங்கள் தலையில் விழாது.

மழையைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். நாம் இருக்கும் இடம் அப்படி. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. ஒற்றை அறை வீட்டில் புத்தகம் வைக்க இடம் ஏது? கட்டிலுக்கு அடியில்தான். வியாசர்பாடிப் பையன் ஒருவன் மூன்று நூலகப் புத்தகங்களைப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொண்டுவந்தான். ஒரு வாரம் அப்படியே கட்டி வைத்திருந்தான், யாருக்கும் தெரியக் கூடாது என்று. பிரித்தபோது பூஞ்சை வாடை. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிட்டன. வீட்டில் அரிசியே நனைந்துபோயிருந்த நேரத்தில் அந்தப் பிள்ளை புத்தகத்துக்காகத் தூங்காமல் இருந்திருக்கிறான்.

அவன் விஷயத்தில் தாமதக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி ஆனது. வெள்ளத்தில் வீடு மூழ்கியதற்கு செல்போன் படங்கள் இருந்தன, நிவாரண டோக்கன் இருந்தது, ரேஷன் கார்டு முகவரி இருந்தது. மூன்றையும் இணைத்துக் கடிதம் எழுதினோம். ஒரு புத்தகத்துக்கு மட்டும் மாற்றுப் பிரதி கேட்டார்கள். மற்ற இரண்டையும் நூலகமே இழப்பு என்று எழுதிக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது. இப்படிக் கழிப்பது யாரோ செய்யும் தயவு அல்ல. நிர்வாக விதிகளிலேயே அதற்கு இடம் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல், ஆண்டில் கொடுக்கப்படும் அல்லது படிக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை நியாயமான இழப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்றே எழுதியிருக்கிறது. நேர்மைக்குறைவாலோ அலட்சியத்தாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ என்றால் விசாரணை உண்டு. அது மத்திய அரசு நிறுவனங்களுக்கான விதி. உங்கள் கல்லூரிக்கு அதன் சொந்த விதி இருக்கும். ஆனாலும் புத்தகம் புழங்கினால் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கும் தைரியம் வரும்.

நனைந்த புத்தகத்தைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது, சீக்கிரம் செய்தால். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஒட்டியிருக்கும் பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். இருபது பக்கத்துக்கு ஒன்றாக மை ஒட்டாத வெள்ளைத் தாளை வைத்து, தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். வெயிலில் போடாதீர்கள், அட்டை முறுக்கிக்கொள்ளும். காயவைக்க நேரமோ கரண்டோ இல்லையென்றால், பாலித்தீன் கவரில் சுற்றி யார் வீட்டு ஃப்ரீசரிலாவது வையுங்கள். உறைந்த புத்தகத்தில் பூஞ்சை வளராது. தண்ணீர் வடிந்தபிறகு எடுத்து நிதானமாகக் காயவைக்கலாம். படங்கள் நிறைந்த வழவழப்பான தாள் புத்தகங்கள் மட்டும் ஈரம் காயும்போதே ஒட்டிக்கொள்ளும். அவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எண்ணெய் ஏறிய புத்தகத்தை விட்டுவிடுங்கள், அதோடு போராட வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போங்கள்.

தாமத அபராதமே வேண்டுமா என்ற கேள்வி இப்போது உலகம் முழுக்க எழுந்திருக்கிறது. சிகாகோ பொது நூலகம் 2019-இல் தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டது. நியூயார்க் பொது நூலகம் 2021 அக்டோபரில் எடுத்தது. தொலைந்த புத்தகத்துக்கு ஈடு மட்டும் அங்கே தொடர்கிறது. தாமதத்துக்குக் காசு கிடையாது. அபராதம் ஏழைகளைத்தான் நூலகத்திலிருந்து விரட்டுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அவை பொது நூலகங்கள். ஒரே பாடப் புத்தகத்துக்கு ஒரே வாரத்தில் நூறு பேர் அலையும் பல்கலைக்கழக நூலகத்தில் அதை அப்படியே கொண்டுவர முடியாது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். அபராதம் எவ்வளவு ஏறினாலும் புத்தக விலையைத் தாண்டக் கூடாது. தாண்டிவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற எண்ணமே மாணவருக்குப் போய்விடுகிறது. கையில் புத்தகம் இருந்தும் கொண்டுவர மாட்டார். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். வசூல் பற்றி அந்த ஐந்தில் ஒரு சொல் கிடையாது. கவுன்ட்டரில் உட்காரும் ஒவ்வொருவருக்கும், விதி எழுதும் குழுவில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆண்டுக்கு ஒரு வாரமாவது அபராதமில்லாமல் புத்தகங்களைத் திருப்பி வாங்கிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள் மறுபடி உள்ளே வருகிறார்கள் என்று தெரியும்.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்களால் கட்ட முடியாத தொகை என்றால் தவணை கேளுங்கள். துறைத் தலைவரோ டியூட்டரோ கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் இருந்தால் நூலகர் பேசத் தயாராகிவிடுவார். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கெனப் புத்தக வங்கி வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு. பாடப் புத்தகத்தை ஒரு பருவம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்பதால் தாமதம் என்ற பேச்சே அதில் குறைவு. உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

நோ டியூ விஷயத்துக்கு வருகிறேன். கடைசி செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாள் கவுன்ட்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் உங்களுக்கே பாவமாக இருக்கும். ஒருவருக்கு வேலையில் சேரக் கடிதம் வந்திருக்கும், இன்னொருவருக்கு மேல்படிப்புக்குக் கடைசித் தேதி. அன்றைக்குத்தான் முதல் வருடத்தில் எடுத்த புத்தகம் நிற்கிறது என்று தெரியவரும். கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே உங்கள் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள், அல்லது கவுன்ட்டரில் கேளுங்கள். நிற்பது எதுவானாலும் தேடவும் எழுதவும் நான்கு மாதம் கையில் இருக்கும். துறை நூலகத்தில் தனியாகப் புத்தகம் எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அந்தக் கணக்கு மத்திய நூலகக் கணினியில் தெரியாது. ஒரு நோட்டில்தான் இருக்கும்.

கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீதில் அக்செஷன் நம்பரும், அபராதம் எவ்வளவு, புத்தக விலை எவ்வளவு என்று தனித்தனியாகவும் இருக்க வேண்டும். சேர்த்து ஒரே தொகையாகப் போட்டால் பிரித்து எழுதச் சொல்லுங்கள். காரணம், காசு கட்டிய பிறகு புத்தகம் கிடைப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது. இத்தனை மாதத்துக்குள் கொண்டுவந்தால் விலையைத் திருப்பித் தருவோம் என்று சில நூலகங்களில் விதி இருக்கிறது. அபராதம் திரும்பாது, விலை திரும்பும். பிரித்து எழுதிய ரசீது இல்லையென்றால் அதைக் கேட்க முடியாது. திருப்பித் தரும் விதி இல்லாத இடத்தில் அந்தப் புத்தகம் உங்களுடையது. அப்போது நூலகத்தில் சொல்லி, உள்ளே இருக்கும் சீலின் மேல் 'ஈடு பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பின்னால் யாராவது அதைப் பார்த்து நூலகப் புத்தகம் இங்கே எப்படி என்று கேட்டால் காட்டுவதற்கு உதவும்.